பதினோராவது வாசலின் சைபர்

மருதாயியின் வெற்றிலைப் பையில் பாக்குக்கு முன்னால் சுண்ணாம்புதான் தீர்ந்துபோகும்.

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு போடுறியா, இல்ல சுண்ணாம்புக்கு வெத்தல போடுறியா?" என்று கணவன் காத்தமுத்து கேட்பான். அவள் பையைச் சுருக்கி இடுப்பில் செருகிக்கொள்வாள்.

கொடகவெலையிலிருந்து ஏழு மைல் கட்டை தள்ளி, இறப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது கல்பொக்க தோட்டம். அதன் கீழ்ப்பிரிவில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரே வரிசையாகப் பதினொரு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. பதினொரு வாசற்கால்களிலும் சுண்ணாம்புத் தீற்றல்கள் காய்ந்து கிடக்கும். வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் ஒட்டிய மிச்சத்தைப் போகிறபோக்கில் வாசற்காலில் துடைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். அந்தத் தீற்றல்களுக்கு நடுவே மருதாயி எழுதி வந்த எண்கள் பதினேழு வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை.

அவள் அந்த லயத்தின் முதல் காம்பராவுக்குக் குடிவந்தது 1964ஆம் ஆண்டின் கடைசியில். மகள் பவளக்கொடிக்கு அப்போது இரண்டு வயது. தோட்டமெங்கும் அந்த நேரத்தில் ஒரே பேச்சு. இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் கையெழுத்துப் போட்டுவிட்டன. தோட்டத்துச் சனங்களில் ஏழு பேர் இந்தியாவுக்கு, நாலு பேர் இங்கே என்ற விகிதத்தில் பிரிக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். நாலாவது காம்பராவில் இருந்த இராமசாமி, தொழிற்சங்கத்துத் தலைவர், கோயிலடியில் வைத்து விளையாட்டாக ஒன்று சொன்னார்.

"ஏழும் நாலும் பதினொன்னு. நம்ம லயத்துல பதினொரு வீடு. நமக்குன்னே அளந்து போட்ட மாதிரி இருக்குல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் வாசலைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மருதாயி படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் பால் வெட்டப் போகிற பெண்ணுக்கு மரங்களே எண்களாக நிற்கும். பன்னிரண்டு மரங்களை மூன்று வரிசையாகவும் நிறுத்தலாம், நாலு வரிசையாகவும் நிறுத்தலாம். பதினைந்தை ஐந்து வரிசையாக நிறுத்தலாம். பதினொன்றை மட்டும் எப்படிப் பார்த்தாலும் ஒரே வரிசையாகத்தான் நிறுத்த முடியும். அந்த வாரம் கத்தியைப் பட்டையில் வைத்து இழுக்கும்போதெல்லாம் இது அவள் மனசில் ஓடிற்று. பதினொன்றை எவனாலும் சமமாகப் பங்கு போட முடியாது. பங்கு போக முடியாத ஒன்றைப் பிரித்துவிடுவார்களா என்ன?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இப்படிப்பட்டதை முதன்மை எண் என்பார்கள். பங்கு போகிறதைச் சேர்த்தி எண் என்பார்கள். மருதாயிக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. அவளைப் பொறுத்தவரை ஒன்று 'ஒத்தை', மற்றது 'உடையிறது'.

அந்தத் தைரியம் ஒரு மாதம் தாங்கியது. பிறகு, வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதுமா என்ற சந்தேகம் வந்தது. ஒவ்வொரு வீடும் ஒன்று. அந்தப் பதினொரு ஒன்றுகளையும் லயம் நிற்கிற மாதிரியே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வருவதல்லவா லயத்தின் எண்? 11111111111. வாய்விட்டுச் சொன்னால் ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே பதினோரு இலட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. அது ஒத்தையா, உடைகிறதா? அது உடையாவிட்டால் லயமும் உடையாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணத்தை உண்மையிலேயே நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பயந்த மனசுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒரு கொம்பு வேண்டியிருந்தது.

அவ்வளவு பெரிய எண்ணை எழுதி வகுக்க அவளிடம் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. லயம்தான் இருந்தது. பின்னேரம் மூன்று மணிக்குக் குடத்தோடு, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போவாள். பீலி பதினோராவது காம்பராவுக்கு அப்பால். போகிற வழியில் பதினொரு வாசல்.

ஏழால் உடைகிறதா என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாசலில் ஒன்று. இரண்டாவது வாசலுக்கு வந்ததும் அதன் பக்கத்தில் இன்னொரு ஒன்றைச் சேர்த்தால் பதினொன்று. ஏழு போக நாலு. மூன்றாவது வாசலில் நாலுக்குப் பக்கத்தில் ஒன்று, நாற்பத்தொன்று; ஐந்து ஏழு, முப்பத்தைந்து, போக ஆறு. இப்படி மீதியை மட்டும் வாசலுக்கு வாசல் தூக்கிக்கொண்டு போவாள். சின்ன எண் என்றால் மனசிலேயே நிற்கும். பெரிய எண் என்றால் விரலில் சுண்ணாம்பைத் தொட்டு, மீதியை அந்தந்த வாசற்காலில் இழுத்துவிட்டுப் போவாள். கடைசி வாசலில் ஏதாவது மிஞ்சினால் அந்த எண் உடைக்கவில்லை என்று அர்த்தம். ஏழுக்கு இரண்டு மிஞ்சும். ஒன்றுமே மிஞ்சாமல் சைபர் வந்தால் உடைந்தது. திரும்பி வரும்போது ஈரக் கையால் ஒவ்வொரு வாசற்காலாக அழித்துக்கொண்டே வருவாள். பார்க்கிறவர்களுக்கு, குடத்தின் பாரம் தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும்.

"இடுப்பு வலின்னா டிஸ்பென்சரிக்குப் போயேண்டி. எதுக்கு என் வாசக்காலப் புடிச்சி ஆட்டுற?" என்பாள் பதினோராவது காம்பராவில் தனியாக இருந்த மீனாம்பாள். புருஷன் செத்து, பிள்ளை இல்லாமல், வாயை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு வாழ்ந்தவள்.

வருஷங்கள் போயின. முதல் ஐந்து வாசல் மட்டும் எடுத்தால் 41, 271 என்று உடைந்தது. ஏழு வாசலை உடைக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது: 239, 4649. பதினொன்று மட்டும் அசையவில்லை. 1976இல் ஒருநாள் சிரட்டைகளில் பால் சேர்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. ஐந்து வாசலை உடைத்த எண்கள் இரண்டுமே பத்துப் பத்தாகப் போய்க் கடைசியில் ஒன்று மிஞ்சுகிறவை. ஏழு வாசலை உடைத்தவை பதினாலு பதினாலாகப் போய் ஒன்று மிஞ்சுகிறவை. வாசல் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு. அப்படியானால் பதினொரு வாசலை உடைக்கிறது, இருபத்திரண்டு இருபத்திரண்டாகப் போய் ஒன்று மிஞ்சுகிறதாகத்தான் இருக்க வேண்டும். ஏன் அப்படி என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அதன்பிறகு கண்ட எண்ணையெல்லாம் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. நாலைந்து நாளைக்கு ஓர் எண் என்று மெதுவாகத் தேடினாள்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் அந்தப் பக்கத்திலும் தமிழ்ச் சனங்களை அடித்து விரட்டுகிற கலபல வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு லயங்களை எரித்தார்கள். எரிப்பதற்கு முந்தின நாள் யாரோ வந்து கதவுகளில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டுவிட்டுப் போனார்கள் என்று பிறகு பேச்சு அடிபட்டது. உண்மையோ பொய்யோ, அன்றிலிருந்து கதவில் ஒரு கோடு கிடந்தால்கூடச் சனங்களுக்குக் குலை நடுங்கும். அங்கிருந்து நிறையப் பேர் வடக்கே, தமிழ்ச் சனங்கள் இருக்கிற வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். கல்பொக்க கீழ்ப்பிரிவு லயம் மட்டும் போகவில்லை. மருதாயி ஆறு மாதம் சுண்ணாம்பை விரலால் தொடவே இல்லை. பிறகு மறுபடியும் தொட்டாள். அந்த எண்ணைத் தேடாமல் இருந்த நாட்களில் அவளுக்குப் பயம் இன்னும் கூடியிருந்தது.

1981 ஆகஸ்ட். இரத்தினபுரிப் பக்கம் கலபல என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். பவளக்கொடி அப்போது ஆறாவது காம்பராவில், எட்டு மாத வயிற்றோடு இருந்தாள். அவள் புருஷன் காளிதாஸ் கொடகவெலையில் எட்டாம் வகுப்புவரை படித்து, பால் ஸ்டோரில் வேலை பார்த்தவன். மருதாயி மகளை நாலு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கை சும்மா இருக்க முடியவில்லை. மூன்று மணிக்குக் குடத்தை எடுத்தாள். அன்றைக்கு முறை 21649.

முதல் ஐந்து வாசலில் கழிக்க ஒன்றுமில்லை. 1, 11, 111, 1111, 11111 என்று எண் சேர்ந்துகொண்டே போயிற்று. ஆறாவது வாசலில், மகள் வாசலில், ஐந்து தரம் கழித்தது போக 2866. ஏழாவதில் 7012. எட்டாவதில் 5174. ஒன்பதில் 8443. பத்தில் 19484. மீனாம்பாளின் வாசலுக்கு வந்து அதன் பக்கத்தில் ஒன்றைச் சேர்த்தாள்: 194841. ஒன்பது இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது எவ்வளவு என்று மனசுக்குள் பெருக்கினாள். 194841.

மிச்சம் இல்லை.

கை தானாகவே வாசற்காலில் ஒரு வட்டம் போட்டது. அவள் பீலிக்குப் போய்க் குடத்தை வைத்தாள். குடம் நிரம்பி வழிந்தது. பதினேழு வருஷம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு நொடிதான். அடுத்த நொடி முதுகில் பச்சைத் தண்ணீரை ஊற்றின மாதிரி இருந்தது. உடைந்துவிட்டது. லயத்தின் எண் உடைகிற எண்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ. லயத்துப் பக்கமிருந்து பெண்கள் அலறுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் நினைவு வந்தது: வாசற்கால்களை அழிக்கவில்லை.

ஓடிவந்தபோது லயமே வெளியில் நின்றது. சங்கத்துத் தலைவர் இராமசாமி ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். 

"மொத வீட்ல ஒரு கோடு. அடுத்ததுல ரெண்டு. அப்புறம் மூணு, நாலு, அஞ்சு. வரிசையா வருவானுக. ஆறுலருந்து நம்பர் போட்டிருக்கான், பாத்தீங்களா? ஆளுக்கு ஒரு வீடு பிரிச்சுக் குடுத்திருக்கானுக."

"கடைசில?" என்று யாரோ கேட்டார்கள்.

"கடைசில சைபர்."

"சைபர்னா என்னாங்க அர்த்தம்?"

"ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டோம்னு அர்த்தம்."

மீனாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "என் வாசல்ல போயி சைபர் போட்டிருக்கானே, படுபாவி! நான் என்னா பண்ணினேன் அவனுக்கு?"

அழித்தால் இன்னும் கோபம் வருமோ என்று பயந்து ஒருவரும் அதைத் தொடவில்லை. காளிதாஸ் சைக்கிளில் கொடகவெலை பசாருக்குப் பறந்தான். ஒரு மணி நேரத்தில் பலசரக்குக் கடை லாபிர் முதலாளி தன் லொறியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இந்தத் தோட்டத்துச் சனங்களோடு இருபது வருஷம் பழகிய மனுஷர்.

"பலாங்கொடப் பக்கமா சுத்திப் போவோம். விடியக்குள்ள வவுனியா. மூட்டையெல்லாம் வேணாம், ஆள் மட்டும் ஏறுங்க. இண்டைக்கு ரோட்டுல போகலாம். நாளைக்கு எப்படியோ, எனக்குத் தெரியாது."

பாத்திரங்கள் வெளியே வந்தன, கோழிகள் கட்டப்பட்டன. பவளக்கொடி லொறியின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏற முடியாமல் மூச்சு வாங்கினாள். மருதாயி அதைப் பார்த்தாள். எட்டு மாத வயிறு, குண்டும் குழியுமான ரோட்டில் ஒரு இரவு முழுக்க. எதற்காக? தான் போட்ட ஒரு வட்டத்துக்காக. சொன்னால் லயமே தன்னைக் கிழித்துப் போடும். சொல்லாவிட்டால் அந்த லொறியில் என்ன நடந்தாலும் அது தன் கை செய்த வேலை.

"அதெல்லாம் நான் போட்டது," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் கத்திச் சொன்னாள்.

காத்தமுத்து அவள் தோளைப் பிடித்தான். "என்னா ஒளர்ற? பயத்துல புத்தி பெரண்டு போச்சா?"

"சுண்ணாம்பு என்னோடது. எண்ணு என்னோடது. ஒரு கணக்கு."

இராமசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மகள லொறில ஏத்த மனசில்ல. அதுக்காக லயத்தையே பலி குடுப்பியா? மூணாங் கிளாஸ் படிச்ச நீ பத்தொம்போதாயிரத்து நானூத்து எம்பத்துநாலுன்னு எழுதுவியா?"

"எழுதுவேன். மருமவனே, ஒரு கரித்துண்டு எடுங்க. நான் சொல்றதப் பெருக்குங்க."

காளிதாஸ் மாமியாரையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசல் சிமெந்தில் குந்தினான்.

"இருவத்தோராயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்போது. அத இதால பெருக்குங்க." ஆறாவது வாசலிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் எத்தனை தரம் கழித்தாளோ அதை வரிசையாகச் சொன்னாள். "அஞ்சு, ஒன்னு, மூணு, ரெண்டு, மூணு, ஒம்போது. அஞ்சு லட்சத்துப் பதிமூவாயிரத்து எரநூத்து முப்பத்தொம்போது. எங் கணக்கு நெசமுன்னா பதினொரு ஒன்னு வரும். ஒரு எடத்துல வேற எண்ணு வந்தாலும் நான் பொய் சொல்றேன், எல்லாரும் ஏறுங்க."

காளிதாஸ் ஆறு வரி எழுதினான். ஒரு வரியை அழித்து மறுபடியும் எழுதினான். பிறகு வலது பக்கத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தான்.

"ஒன்னு," என்றான். "ஏழும் நாலும் பதினொன்னு. ஒன்னு. கைல ஒன்னு... மறுபடியும் ஒன்னு."

நாலாவது ஒன்றுக்குப் பிறகு சனங்களும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். லாபிர் முதலாளி லொறியிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தார். ஒன்பதாவது, பத்தாவது. கடைசி ஒன்றை எழுதிவிட்டுக் காளிதாஸ் கரித்துண்டைக் கீழே போட்டான்.

 தேடுகிறதற்குப் பதினேழு வருஷம் ஆனது. சரிபார்க்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

முதலில் வெடித்தது மீனாம்பாள்தான். "அடி சண்டாளி! ஒன் கணக்குக்கு என் வாசலாடி கெடச்சிச்சி? நெஞ்சு நின்னு செத்திருப்பேனேடி!" திட்டிக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் லயமே சிரித்தது. ஒருத்தி மருதாயியின் தலையில் குட்டினாள். இன்னொருத்தி கட்டிப்பிடித்து அழுதாள். மூட்டைகள் திரும்ப உள்ளே போயின.

மருதாயி மட்டும் சிரிக்கவில்லை. எதை நிரூபித்தோம் என்று அப்போதுதான் யோசித்தாள். வாசலில் இருந்த குறி எதிரி போட்டதல்ல என்று காட்டினாள். அவ்வளவுதான். எதிரி வரமாட்டான் என்று அந்தப் பெருக்கலில் எந்த வரியிலும் இல்லை. குறி பொய்யானால் பயமும் பொய்யாகிவிடுமா? முதலாளி சொன்ன 'நாளைக்கு எப்படியோ' அப்படியேதானே நிற்கிறது?

"நில்லுங்க," என்றாள். "நான் சொன்னது இந்தச் சுண்ணாம்புக்கு மட்டுந்தான். இரத்தினபுரியில நடக்குறது நெசந்தானே? லொறி வந்திருக்கு. ஏறிருவோம்."

இராமசாமிக்கு இப்போது கோபம் வந்தது. "இப்பத்தான் ஒண்ணுமில்லன்னு சொன்ன. இப்ப ஓடுன்னு சொல்ற. நாங்க எந்த மருதாயிய நம்புறது?"

"ரெண்டையும் நம்புங்க, தலைவரே."

அவர் கையை உதறிவிட்டுப் போனார். "அம்மா, என்னால இந்த வயித்தோட முடியாதும்மா. ஒண்ணுமில்லன்னு நீயேதான் சொன்ன," என்றாள் பவளக்கொடி. லாபிர் முதலாளி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு வெறும் லொறியை எடுத்துக்கொண்டு போனார்.

பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து மருதாயி பத்து வாசலை அழித்தாள். பதினோராவதில் மீனாம்பாள் விடவில்லை.

"இருக்கட்டும்டி. இந்த வாசல்ல வந்து எல்லாம் தீந்துபோச்சுன்னுதானே சொன்ன? அப்ப இங்க வந்து தீக்குறதுக்கு எவனுக்கும் ஒண்ணுமில்ல. எனக்கு இது காப்பு."

"அக்கா, அது அப்படியில்லக்கா..."

"போடி, கணக்குப்புலி."

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மேல்பிரிவிலிருந்து கறுப்பாகப் புகை எழும்பியது. பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வாளிகளை அப்படியே போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினார்கள். காளிதாஸும் காத்தமுத்துவும் பவளக்கொடியை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு மலையேறினார்கள். ஆனைக்கல் என்று ஒரு பெரிய பாறை. அதன் பின்னால் எல்லோரும் பதுங்கினார்கள். பிள்ளைகளின் வாயைத் தாய்மார் பொத்திக்கொண்டார்கள். கீழே தகரம் வெடிக்கிற சத்தமும், யாரென்று தெரியாத குரல்களும்.

லயத்தில் ஐம்பத்துமூன்று பேர். அதுவும் ஒத்தை எண்தான். மாரியம்மன் திருவிழாவில் லயத்துக்கென்று வருகிற பழத்தைப் பங்கு போடும்போதெல்லாம் மருதாயி அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்: எப்படிக் குந்த வைத்தாலும் சமமாக வராது. இப்போது மகள் மடியில் தலை வைத்துக் கிடக்க, கட்டைவிரலால் நாலு விரலையும் தொட்டுத் தொட்டு, தன்னையும் சேர்த்துப் பாறையோரம் தெரிகிற தலைகளை எண்ணினாள். நாலு, நாலு, நாலு. நாலு நாலாக எண்ணினால் ஐம்பத்துமூன்றுக்குக் கடைசியில் ஒன்று மிஞ்ச வேண்டும்.

ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுபடியும் எண்ணினாள். பதின்மூன்று நாலு. சைபர்.

குடும்பத்தோடு வந்தவர்கள் தங்கள் ஆட்களைப் பார்த்துக்கொண்டார்கள். குடும்பம் இல்லாத ஒருத்தியை யார் பார்ப்பது? அந்தச் சைபர் யாருடையது என்று மருதாயிக்கு உடனே தெரிந்துவிட்டது.

"எங்க போற?" காத்தமுத்து அவள் சேலையைப் பிடித்தான்.

"மீனாம்பாளக்கா வரல."

"பைத்தியமா ஒனக்கு? கீழ அவனுக நிக்கிறானுக."

"அவங்க அங்க குந்தியிருக்குறது என் சைபர நம்பித்தாங்க. விடுங்க."

அவன் விடவில்லை. அவள் சேலைத் தலைப்பை உருவிக்கொண்டு இறங்கினாள்.

பட்டப்பகல். இறப்பர் மரங்களுக்கு நடுவே மறைவதற்குப் புதர்கூடக் கிடையாது. ஒவ்வொரு மரமாகத் தொட்டுத் தொட்டு வந்தாள். லயத்தின் முன்னால் ஆள் இல்லை. குரல்கள் பால் ஸ்டோர் பக்கம் கேட்டன. முதல் வாசல், அவள் வாசல், எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் கூரை அப்போதுதான் சரிந்தது. புகையில் குனிந்துகொண்டு, ஆயிரம் தரம் நடந்த அந்தப் பாதையில், கையில் மீதி எதுவும் இல்லாமல் நடந்தாள். ஆறு. ஏழு. தீ எட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தது. பதினோராவது வாசலில் அந்த வட்டம் வெள்ளையாக அப்படியே இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

மெதுவாகத் தட்டினாள். "அக்கா."

மறுபடியும் தட்டினாள்.

"அக்கா, நாந்தான். மருதாயி."

உள்ளேயிருந்து, அவள் வாழ்நாளில் கேட்டிராத அளவு சின்னக் குரல். "மருதாயின்னு யாரும் சொல்லலாம். தமிழ் பேசத் தெரிஞ்சவன் எத்தன பேரு இருக்கான்."

ஸ்டோர் பக்கத்துக் குரல்கள் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. மருதாயி கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

"நீ மருதாயின்னா," என்றது உள்ளிருந்த குரல், "அந்த எண்ணச் சொல்லு."

"இருவத்தோராயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்போது."

தாழ்ப்பாள் விலகியது.

மீனாம்பாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பீலிக்குப் பின்னால், தண்ணீர் வழிந்தோடுகிற வாய்க்காலான கானுக்குள் இறங்கினாள். முழங்கால் அளவு தண்ணீரில் இருவரும் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். மேலே பாதையில் கால்கள் ஓடின. ஒரு ஜோடிக் கால் கானுக்கு நேராக நின்றது. பீடிப் புகை வந்தது. மீனாம்பாளின் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் அந்தக் காலுக்குக் கேட்டுவிடுமோ என்று மருதாயி அவள் தாடையை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாள். எண்ணவும் முடியவில்லை, எந்த எண்ணும் மனசில் நிற்கவில்லை. பிறகு அந்தக் காலும் போய்விட்டது.

கான் வழியாகவே ஏறி ஆனைக்கல்லுக்கு வந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. காத்தமுத்து அவள் தலையில் கையை வைத்தான். அவள் பாறையில் சாய்ந்துகொண்டு எண்ணினாள். நாலு, நாலு, நாலு. ஒன்று மிஞ்சியது.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் அவர்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து ஐம்பத்துமூன்று என்று எழுதிக்கொண்டு போனார். மருதாயி அதை நம்பாமல் காலையும் மாலையும் தானே எண்ணினாள். ஒன்று மிஞ்சினால்தான் சோறு இறங்கும். பதினாலாம் நாள் அங்கேயே, அடுக்கி வைத்த, பிள்ளைகள் உட்காரும் வாங்குகளுக்குப் பின்னால், பவளக்கொடிக்குப் பெண் பிறந்தது. அன்றிலிருந்து இரண்டு மிஞ்ச வேண்டியிருந்தது.

"இவ வாழ்க்கையெல்லாம் மிச்சத்தையே எண்ணிக்கிட்டிருக்கா," என்றார் இராமசாமி. ஆனால் அவள் எண்ணி முடிக்கிறவரை அவரும் பக்கத்திலேயே நிற்பார். லொறியைத் திருப்பி அனுப்பியதைப் பற்றி இரண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. சொல்லாமலே இருந்திருந்தால் அன்றைக்கே எல்லோரும் வவுனியா போயிருப்பார்கள். சொன்னது பிழையா? உண்மையைப் பாதியில் நிறுத்தியது பிழையா? இந்தக் கேள்வியை அவளால் எந்த எண்ணாலும் வகுக்க முடியவில்லை.

எரிந்த லயத்துக்கு யாரும் திரும்பிப் போகவில்லை. பாஸ்போட் வந்தவர்கள் இந்தியாவுக்குப் போனார்கள். மற்றவர்கள் வவுனியாவுக்கும், சொந்தக்காரர் இருந்த வேறு தோட்டங்களுக்கும் பிரிந்தார்கள். 1982இல் மீனாம்பாளுக்கும் இந்தியா போகிற கப்பலுக்கு நாள் வந்தது. தலைமன்னார் போகிற ரயிலில் ஜன்னலோரம் இருந்துகொண்டு அவள் மருதாயியின் காதைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க எவளாவது நாந்தான் மருதாயின்னு வந்து நின்னா, எண்ணு கேக்காமக் கதவத் தொறக்க மாட்டேன், பாத்துக்க."

ரயில் நகர்ந்த பிறகும் மருதாயி அந்த இடத்திலேயே நின்றாள். பெருக்குகிற எண் ஒரு பக்கம், பெருக்கப்படுகிற எண் ஒரு பக்கம் என்று ஆன பிறகு பதினொரு ஒன்றுகளை எங்கே போய்த் தேடுவது? எண்ணிப் பார்க்க அந்த ஐம்பத்துநாலு பேரும் இனி ஒரே இடத்தில் நிற்கப் போவதில்லை.

வவுனியாவில் மகளோடும் மருமகனோடும் மண்வீடு கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒரே ஒரு வாசல். 1983இல் வானொலியில் மறுபடியும் கலபலச் செய்திகள் வந்தபோது, பவளக்கொடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மருதாயி வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். விரல் நுனியில் சுண்ணாம்பு மிஞ்சியிருந்தது. கை பழக்கத்தில் வாசற்காலை நோக்கிப் போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டு, விரலைச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள்.